ரெப்னிட்ஸ் வயல் பிரபு

ஃப்ளோரியான் ஸ்கொபெட்ஸுக்கு அவருடைய பெயரே முதல் எதிரி. மொராவியாவில் செக் மொழி பேசும் எவனிடமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். விதையடித்த ஆட்டுக்கடா என்று அர்த்தம். போதாக்குறைக்கு அப்பாவின் தொழிலும் அதுவே. ஊர் ஊராகப் போய்க் கடாவுக்கும் குதிரைக்கும் விதையடித்துவிட்டு வருவார். அந்த வீட்டிலிருந்து ஒருவன் சக்கரவர்த்தியின் குதிரைப்படையில் அதிகாரியானது பெரிய விஷயம்தான், இல்லையென்று யார் சொன்னது? அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய கருமம் யாருக்கும் வந்திருக்காது.

அந்தப் படையில் அதிகாரிகளுக்குள் எல்லாரும் 'நீ'தான். நேற்றுச் சேர்ந்த மீசை முளைக்காத லெப்டினன்ட்கூட நரைத்த கர்னலைப் பார்த்து 'நீ' என்பான், கர்னலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். 'நீங்க' என்று ஒருவரைக் கூப்பிட்டால் அது மரியாதை இல்லை. நீ எங்கள் ஆள் இல்லை என்று முகத்தில் துப்புவது. ஸ்கொபெட்ஸின் அணித்தலைவர் லாம்ஃபெல்ட் பிரபு அவரை வருஷக்கணக்காக 'நீங்க' என்றே கூப்பிட்டார்.

"ஸ்கொபெட்ஸ், நீங்க கொஞ்சம் வந்து அந்தப் பொலிகுதிரையப் பாருங்களேன். உங்க குடும்பத்துக்குக் கைவந்த வேலையாச்சே!"

சாப்பாட்டு மேசை முழுக்கக் கொல்லென்று சிரிக்கும். ஸ்கொபெட்ஸும் கூடவே சிரிப்பார். மற்றவர்கள் சிரித்ததைக்கூட மன்னித்துவிடலாம். இந்த மனுஷன் சிரித்தார் பாருங்கள், அதுதான் குமட்டுகிறது.

அவருக்கு ஒரே ஒரு வழி இருந்தது. முப்பது வருஷம் இடைவிடாமல் அதிகாரியாக இருந்து, ஒரு தடவையாவது போரில் எதிரியோடு மோதியிருந்தால், மனுப் போட்டுப் பிரபு ஆகிவிடலாம். பெயருக்குப் பின்னால் 'ஃபான்' என்று போட்டு ஓர் ஊர்ப்பெயரை ஒட்டிக்கொள்ளலாம். எந்த ஊர் என்பதையும் மனுப் போடுகிறவனே எழுதிக் கொடுக்கலாம். அதற்காக ஸ்கொபெட்ஸ் எல்லையோரக் கலிஸியாவின் சேற்றில் முப்பது வருஷம் குப்பை கொட்டினார். கூடவே அவர் மனைவி ஹெர்மினேயும். அவளுடைய தங்கை ஒரு 'ஃபான்' வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

"அவ வீட்டு நாய்க்குட்டிக்குக்கூட ஊர்ல மரியாத இருக்கு, ஃப்ளோரி. எனக்கு என்ன இருக்கு? ஆட்டுக்கடா பொண்டாட்டி!" என்பாள் ஹெர்மினே. பட்டம் வருவதற்கு ஆறு வருஷத்துக்கு முன்பே கைக்குட்டைகளில் சின்னச் சின்னக் கிரீடம் பின்னி, பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டாள்.

முப்பது வருஷம் நிறைந்தது. மேஜராக ஓய்வு பெற்று, ஓய்வு பெற்ற அதிகாரிகள் எல்லாரும் போய் அடைகிற கிராட்ஸ் நகரத்தில் இவர்களும் போய் அடைந்தார்கள். மிச்சமிருந்தது எதிரியோடு மோதியதற்கு அன்றைய அணித்தலைவர் தரும் சான்று மட்டும்தான். அங்கேதான் சிக்கல்.

ஸ்கொபெட்ஸ் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வாளை உருவிப் பாய்ந்தார். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறாம் வருஷம், பிரஷ்யர்களோடு நடந்த போரில், பெயரிலேயே பீட்ரூட் இருக்கும் ரெப்னிட்ஸ் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பீட்ரூட் வயலில். மழை, புகை. வயலில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் லாம்ஃபெல்ட் பிரபு யார் என்றுகூடப் பார்க்காமல் பாயச் சொன்னார். முப்பதடி இருக்கும்போதுதான் ஸ்கொபெட்ஸ் சேறு அப்பிய வெள்ளைக் கோட்டுகளைப் பார்த்தார். பிரஷ்யனுக்கு ஏது வெள்ளைக் கோட்டு? தங்கள் சொந்தக் காலாட்படைதான், பின்வாங்கி வந்து களைத்துப் படுத்திருந்தது. ஒருத்தன் எழுந்து தொப்பியை ஆட்டிக்கொண்டு, ஸ்கொபெட்ஸின் தாய்மொழியான செக்கில் கத்தினான்.

"டேய்! நம்ம ஆளுங்கடா! நம்ம ஆளு!"

வரிசையாக வரும் குதிரை நிற்குமா? நிற்கவில்லை. அன்று சாயங்காலம் ஸ்கொபெட்ஸ் பணியாளை அனுப்பிவிட்டுத் தன் குதிரையின் குளம்பைத் தானே சுரண்டினார். பீட்ரூட் இலையும் சேறும் வந்தன. அதற்கடியில் ஒரு துண்டு வெள்ளைத் துணி, பித்தளைப் பொத்தானோடு வந்தது. எதிரியை வயலிலிருந்து துரத்தினோம் என்று லாம்ஃபெல்ட் பிரபு அறிக்கை எழுதிப் பதக்கம் வாங்கிக்கொண்டார். சீ, அந்தப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு அவர் நடனத்துக்கெல்லாம் போனார்.

அதெல்லாம் மண்ணோடு போயிருக்கும். ஆனால் ஓய்வு பெற்ற வருஷம் ரெப்னிட்ஸ் பள்ளிக்கூட வாத்தியாரிடமிருந்து ஸ்கொபெட்ஸுக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் வயலில் நாற்பத்து மூன்று பேரைப் புதைத்திருக்கிறோம், அவர்கள் நம் படைக்காரர்கள், ஒருவர் உடம்பிலும் குண்டு பட்ட காயம் இல்லை, அவர்களுக்குக் கல் நடப்போகிறோம், அன்று அங்கே இருந்தவர் நீங்கள், இவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று சொன்னால் அதையே கல்லில் வெட்டுகிறோம் என்று எழுதியிருந்தார். ஸ்கொபெட்ஸ் அதை நாலு தடவை படித்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு நிஜமாகவே தோன்றியது. சொன்னால் எதிரியோடு மோதியது பொய் என்றாகும், பட்டமும் போகும். கடிதத்தைக் கோட்டுப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, லாம்ஃபெல்ட் பிரபுவிடம் சான்று கேட்கப் போனார்.

பிரபு தன் நாய்க்கு ஈரல் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"ரெப்னிட்ஸ்லயா? அங்க நம்ம முன்னால யாருங்க இருந்தா, ஸ்கொபெட்ஸ்?"

ஸ்கொபெட்ஸ் கோட்டுப் பையைத் தொட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க. நான் புகையில ஒண்ணும் பாக்கல. நீங்கதான் கண்ணு நல்லா தெரிஞ்ச ஆளு." பிரபு விரலை நாயின் முதுகிலேயே துடைத்துக்கொண்டார். "எனக்கும் அந்த வாத்தியார் எழுதியிருந்தான். அடுப்புல போட்டுட்டேன். நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"இன்னும் பதில் எழுதலைங்க."

"அப்ப மொதல்ல இத எழுதுங்க. பேனா அதோ இருக்கு. எதிரியோட மோதினேன்னு நீங்களே எழுதுங்க, நான் கீழ கையெழுத்துப் போடறேன். உங்க எழுத்துதான் முத்துமுத்தா இருக்குமே!"

தூ! ஒரு மனுஷன் எழுந்து வெளியே போவதற்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. கதவும் திறந்துதான் கிடந்தது. ஸ்கொபெட்ஸ் உட்கார்ந்து எழுதினார். எட்டே வரி. பிரபு கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிவிட்டு, அவர் தோளில் தட்டினார்.

"போடா, போய் மனுவக் குடு. நீ பொழச்சுக்குவ."

நீ! முப்பது வருஷமாக ஏங்கியது வந்துவிட்டது. தெருவுக்கு வந்ததும் ஸ்கொபெட்ஸுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஈரல் நாற்றம் அந்தத் தோளிலேயே ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

மனுவில் ஊர்ப்பெயர் எழுத வேண்டிய இடம் வந்தது. ஹெர்மினே ரோஜா, மலை, கோட்டை என்று ஏழெட்டுப் பெயர் யோசித்து வைத்திருந்தாள். ஸ்கொபெட்ஸ் வீம்பாக 'ரெப்னிட்ஸ்' என்று எழுதினார். லாம்ஃபெல்ட் கிழவன் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அவன் தொண்டையில் முள்ளாகக் குத்தட்டும் என்று நினைத்தார். உண்மையைச் சொல்லத் துப்பில்லாதவனுக்கு இப்படியொரு வீரம்!

"பீட்ரூட் மாதிரி பேரு வெச்சிருக்கியே, ஃப்ளோரி! ஆட்டுக்கடாவுக்குத் தீனியா?" என்று ஹெர்மினே இரண்டு நாள் அழுதாள். 'ஃபான்' வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

பட்டம் வந்த சந்தோஷத்துக்கு ஒரு சத்திரத்துத் தோட்டத்தில் மதிய விருந்து நடந்தது. கெண்டை மீன், வெள்ளை ஒயின், ஓய்வு பெற்ற அதிகாரிகள் இருபது பேர். லாம்ஃபெல்ட் பிரபு கிளாஸைத் தூக்கினார்.

"ரெப்னிட்ஸ்!" என்று முழங்கினார். "அருமையான பேருடா! எனக்குத் தோணாமப் போச்சே!"

முள்ளாவது மண்ணாவது. கிழவன் அந்தப் பெயரை ஒயினோடு சேர்த்து முழுங்கிவிட்டான். இருபது பேரும் "ரெப்னிட்ஸ், ரெப்னிட்ஸ்" என்று மேசையைத் தட்டினார்கள். ஹெர்மினேயின் தங்கை கணவர், அதுவரை ஸ்கொபெட்ஸோடு நாலு வார்த்தை பேசாதவர், நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"சகல, அங்க என்னதான் நடந்துச்சு? உன் வாயால கேக்கணும், சொல்லு."

இருபது பேரும் இவர் பக்கம் திரும்பினார்கள். கோட்டுப் பையில் வாத்தியாரின் கடிதம் இருந்தது. எடுத்துப் படித்தால் போதும், தானாக ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஸ்கொபெட்ஸ் பையில் கையை விட்டார், காகிதமும் விரலில் பட்டது. ஹெர்மினே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பட்டாளம் பிரஷ்யக்காரங்க வயல்ல படுத்திருந்தாங்க," என்றார் ஸ்கொபெட்ஸ். "பாஞ்சோம். எழுந்து ஓடிட்டாங்க."

கைதட்டல் காதைப் பிளந்தது. லாம்ஃபெல்ட் பிரபு அவர் கழுத்தில் கையைப் போட்டு இறுக்கினார்.

"பாத்தீங்களாடா? நம்ம ஆளு! நம்ம ஆளுடா இவன்!"

ஜெர்மனில் சொன்னார். வயலில் எழுந்து நின்றவன் செக்கில் சொன்னான். வார்த்தை அதே வார்த்தைதான். ஸ்கொபெட்ஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வேலிப் புதருக்குப் பின்னால் போய், தின்ற மீனையெல்லாம் வாந்தியெடுத்தார். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தபோது அதன் மூலையில் கிரீடம் இருந்தது. ஆறு வருஷம் பெட்டியில் கிடந்ததற்கு அதுதான் முதல் உபயோகம். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தார், அடுத்து வந்த வறுத்த வாத்தையும் சாப்பிட்டார்.

மறுநாள் காலை வாத்தியாருக்குப் பதில் எழுதினார். 'எதிரியின் தாக்குதலில் வீழ்ந்தவர்கள் என்று கல்லில் வெட்டலாம்.' கீழே தன் முழுப் பெயரை, ஃப்ளோரியான் ஸ்கொபெட்ஸ் ஃபான் ரெப்னிட்ஸ் என்று, முதல் தடவையாகக் கையெழுத்துப் போட்டார். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. எழுத்து முத்துமுத்தாக இருந்தது.