இறந்த திகதி

“ஞாயிறு, மாலை நாலு மணி. பக்கம் வரவில்லை” என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது.

கதிரவெளிக் கடலில் இறந்தவர்களுக்கு ஓர் இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தேன். ஜாவா என்ற நிரல்மொழியில் டெம்ப்ளேட் என்ஜின் பழகத் தொடங்கிய வாரம் அது. மாதிரி ஒன்றை எழுதிக் கொடுத்தால், பெயர்களையும் இறந்த திகதிகளையும் அதுவே நிரப்பும். ஒரு திகதி இல்லாவிட்டாலும் வேலை முழுதும் நின்றுவிடும். எங்கள் ஊர் மெற்றில்டா அக்காவின் கணவர் பெயரில் நின்றது. கடலுக்குப் போனவரின் தோணி மட்டும்தான் கரை ஒதுங்கியிருந்தது; அவர் கிடைக்கவில்லை. ஆறு மணிக்குத் தேவாலயத்தில் பக்கத்தைத் திரையில் காட்ட வேண்டும்.

தோணி ஒதுங்கிய நாளையே போட்டேன். பக்கம் உடனே வந்தது. கணவரின் படத்தைக் கொண்டுவந்திருந்த அக்கா, என் பின்னால் நின்று வாசித்தார்.

“ஊர்தான் செத்திட்டார் எண்டு சொல்லுதெண்டா, உங்கட மிசினும் அவரைச் சாகச் சொல்லுதா தம்பி?”

“திகதி இல்லாட்டி ஓடாதக்கா.”

“அப்ப ஓட வேணாம்.”

திகதியை அழித்தேன். திகதி இல்லாதபோது எதை எழுதுவது என்று மாதிரியிலேயே சொல்லிவைக்கலாம் என்பதை அவசரமாகத் தேடிப் படித்தேன்.

“என்ன போடக்கா?”

“இன்னும் வரல்ல எண்டு போடுங்க.”

ஆறு மணிக்குச் சற்று முன் பக்கம் வந்தது. வெற்றிடத்தைக் கண்டால் நிரப்பிவிடுவது என் பழக்கம். இப்போது கொஞ்சம் பொறுக்கிறேன். அக்காவின் கணவர் இறந்தாரா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.