சித்திக்குச் சொன்ன அலைகள்

என் சித்தப்பா ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். கடலில் அலை எவ்வளவு உயரம் எழுகிறது என்று அளக்கும் மிதவைகளை அங்கே செய்தார்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மஞ்சள் உருண்டை. சங்கிலி போட்டுக் கடலில் நிறுத்திவிட்டால் அது அலையோடு ஏறி இறங்கும். உள்ளே இருக்கும் கருவி அந்த உயரத்தை அரை மணிக்கொரு தரம் கரைக்கு அனுப்பும். எங்கள் குடும்பத்தில் கடலைப் பார்த்தவர் சித்தப்பா ஒருவர்தான்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மிதவை நிறுத்தப் படகில் போனவர் திரும்பி வரவில்லை. இறங்கிக்கொண்டிருந்த சங்கிலி காலில் சுற்றி இழுத்துவிட்டது என்றார்கள். நான்கு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. மிதவை மட்டும் நிற்கவேண்டிய இடத்தில் ஒழுங்காக நின்றது.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா ஷிஃப்டுக்குப் போகும் முன் கிண்டி வைத்த களி, மாலையில் வந்து பார்த்தால் வைத்தபடி இருக்கும். கம்பெனி மிதவைகள் அனுப்பும் அலையின் உயரம் வரும் இணையப் பக்கத்தைச் சித்தப்பா எப்போதோ பெருமையாகச் சித்தியின் போனில் போட்டுக் கொடுத்திருந்தார். அவர் கடைசியாக நிறுத்தப் போன மிதவையின் கணக்கும் இப்போது அதில் வந்தது. நான் பள்ளிக்குக் கிளம்பும்போது சித்தி அந்தப் போனை என்னிடம் நீட்டுவாள்.

“நீ பாத்துச் சொல்லு பாப்பா. என்னால அதப் பாக்க முடியல.”

முதல் நாள் இரண்டரை மீட்டர் என்று இருந்தது. எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். கதவு நிலைக்கு மேலே கை காட்டினேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். இன்னொரு நாள் அரை மீட்டர்தான், என் இடுப்புக்கும் கீழே என்றேன். “அப்ப இன்னிக்கு அசங்காம இருப்பாரு” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இரண்டு வாய் சாப்பிட்டாள்.

அதிலிருந்து கடலை நான் குறைக்கத் தொடங்கினேன். இரண்டு மீட்டர் என்றால் ஒன்று. ஒன்று என்றால் அரை. சித்தி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள்.

ஒரு நாள் காலையில் எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. மறுநாளும் அப்படியே. யாரிடமும் சொல்லவில்லை. கோட்டைப் பார்த்தபடி நானாக ஓர் அலையைச் சொன்னேன். நம்பும்படி இருக்கட்டும் என்று ஒருமுறை ஒன்றே கால் என்றேன். அன்று அவள் பாதிக் களியை வைத்துவிட்டாள். பிறகு எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

ஒரு மாதம் கழிந்து, ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பாவோடு வேலை பார்த்தவர் வீட்டுக்கு வந்தார். அந்த மிதவை என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார்.

“சங்கிலி அறுந்து, போன மாசமே கரை ஒதுங்கிருச்சுங்க. அன்னிக்கே அக்காகிட்ட போன்ல சொன்னனே.”

அப்பா சித்தியைத் திரும்பிப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

“ஆமாங்க மாமா, சொன்னாரு” என்றாள் சித்தி.

அவர் போனபின் என்னைக் கூப்பிட்டாள். அடி விழும் என்று நினைத்தபடி போனேன். பக்கத்தில் உட்கார வைத்து, களியை இரண்டாகப் பிட்டு எனக்கொரு பாதி வைத்தாள். தன் பாதியை மிச்சம் வைக்காமல் தின்றாள். மிதவையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடி விழவில்லை, அதனால் என் பொய்யைச் சித்தி கண்டுபிடிக்கவில்லை, தப்பித்தோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.