தம்பி அடித்த பெல்

காலையில் எங்கள் தெருவில் தறிக்கான பட்டு இழைகளை நீளமாக இழுத்துப் பாவு கட்டியிருந்தால், சைக்கிள்காரர்கள் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். வாலாஜாபாத்திலிருந்து என்னைப் பார்க்க வந்த தம்பி இறங்கவில்லை. இழைகள் கொத்தாக அறுந்தன.

பார்க்காமல் செய்தால் கவனக்குறைவு, பார்த்தும் செய்தால் அலட்சியம். முன்னதைத்தான் எங்கள் தெரு மன்னிக்கும். அலட்சியம் என்று பெயர் வந்தால், புகுந்த வீட்டில் எல்லாம் என் தலையில்தான் விடியும். வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

நெசவுக்காரர் நிதானமாகத்தான் கேட்டார். "பாவு கட்டியிருக்குதே, கண்ணுல படலையாபா?"

படவில்லை என்று சொல்லித் தொலையேன்டா என்று மனசுக்குள் மன்றாடினேன்.

அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"படாம என்ன? தூரத்துலயே பார்த்துட்டு, பெல் அடிச்சிக்கினுதான் வந்தேன்."