மழை ஊரில் தண்ணீர் பாட்டில்

கொட்டுகிற மழையில் தண்ணீர் பாட்டிலைச் சுமந்துகொண்டு நடக்கிறவள் இந்த அயர்லாந்துச் சிற்றூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு கையில் குடை, தோளில் பை, பைக்குள் கழுத்துவரை நிரப்பிய எவர்சில்வர் பாட்டில். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் குழாய். மற்றவர்கள் போனும் சாவியுமாகக் கையை வீசிக்கொண்டு வருவார்கள். பாலைவனத்துக்கா போகிறாய் என்று நோரா கேட்பாள். எங்கள் பிரிவில் மூத்தவள் அவள். கேலி செய்தால் பிரியமாக இருக்கிறாள் என்று அர்த்தம். நானும் சிரித்துவைப்பேன். பாட்டில் இல்லாமல் வாசலைத் தாண்டினால் எனக்கு உடம்பே கூசும் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

ராமநாதபுரம் பக்கம், திருப்புல்லாணிக்கு உள்ளே தள்ளி, கடல் காற்று மட்டும் வந்து போகிற கிராமம் எங்களுடையது. எங்கே தோண்டினாலும் உப்பு. பிடிக்காத அதிகாரியைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டுவார்களே, அந்தக் காட்டில்தான் நாங்கள் மிளகாய் போட்டோம், பிள்ளை குட்டி பெற்றோம். குடிக்கிற தண்ணீர் தள்ளுவண்டியில் குடம் குடமாக வரும். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் கையோடு தண்ணீர் கொண்டுபோவோம். வீட்டுக்காரர் செம்பை நீட்டுவார். வேண்டாம், கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்வதுதான் வந்தவர் காட்டுகிற மரியாதை. பரமக்குடியில் கல்யாணம் என்றால் பட்டுச்சேலையை மறந்தாலும் மறக்கலாம், தண்ணீரை மறக்கக் கூடாது. தாகமென்று இன்னொருத்தர் வாசலில் நிற்பதை என்னைப் பெற்ற அய்யா பொறுக்கவே மாட்டார்.

இங்கே வந்த புதிதில் நோரா தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்தாள். நான் வேண்டாமென்று தள்ளிவைத்துவிட்டு, என் பாட்டிலை மேசைமேல் எடுத்து வைத்துக் குடித்தேன். ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டதாக நினைப்பு. அவள் முகம் சுண்டிப்போயிற்று. தன் வீட்டுத் தண்ணீரை நான் அசுத்தமென்று ஒதுக்கியதாக அவள் எடுத்துக்கொண்டது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. வார்த்தை தேடித் தேடி எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். தலையை ஆட்டினாள். புரிந்துதான் ஆட்டினாளா என்று தெரியவில்லை.

கடைசியாக நான் ஊருக்குப் போனபோது அய்யாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, ராமநாதபுரத்துக்கு அழைத்துப்போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார்கள். குடிக்கிற தண்ணீரையும் டாக்டர் அளந்துவிட்டார். அன்றைக்கான பங்கை அண்ணி காலையிலேயே ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி அவர் பக்கத்தில் வைத்துவிடுவாள். நாக்கு நனைகிற அளவுக்குக் குடித்துவிட்டு, அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். எனக்கு அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கும். நான் கிளம்பிய காலையில், அந்த மனிதர் சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்கு நடந்துபோய், குடத்தைச் சாய்த்து என் பாட்டிலை நிரப்பினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

“அங்கன போயி யாருகிட்டயும் தண்ணிக்கு நிக்காத தாயி” என்றார்.

மதுரை விமான நிலையத்தில் பாட்டிலைக் காலி செய்யச் சொன்னார்கள். கீழே ஊற்ற மனசு வரவில்லை. ஓரமாக நின்று வயிறு வலிக்க வலிக்க அத்தனையையும் குடித்தேன். அவருக்கு மறுத்த தண்ணீர் எனக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சித்திரை மாதத்தில், நான் வேலையில் இருக்கும்போது அண்ணன் கூப்பிட்டான். அய்யா போய்விட்டார். எங்கள் பக்கம், இறந்தவரைக் குளிப்பாட்டுகிற தண்ணீரை நீர்மாலை என்போம். மகள் ஒரு குடம் சுமந்து வர வேண்டும். எந்த விமானத்தைப் பிடித்தாலும் எனக்கு இரண்டு நாளாகும்.

“எல்லாரும் வந்துட்டாக தாயி. பொழுதடையுறதுக்குள்ள எடுக்கணும்ங்கிறாக” என்றான் அண்ணன். பிறகு, “ஓங் குடத்தச் சித்தப்பா மக எடுத்துக்கிருவா” என்றான்.

போனில்தான் பார்த்தேன். என் குடம் அவள் தலையில் போனது. தண்ணீரில் மிதக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, பெற்றவருக்கு ஒரு குடம் சுமக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இந்தத் துக்கம் ஆறும் என்று தோன்றவில்லை.

மறுநாள் நோரா துக்கம் கேட்க வந்தாள். நனைந்த கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். நான் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. தன் பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தாள்.

“வேண்டாம், நான் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் ஊர் வழக்கம் இதுதானே?” என்று மெல்லக் கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் தன் தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். என் ஊர் முறையை இவ்வளவு சரியாக இங்கே யாரும் செய்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு ஒரு நாள், யாராவது ஒருத்தர், என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அவள் போன பிறகும் டம்ளர் நிறைந்தபடியே இருந்தது. இந்த ஊரில் அதை யோசிக்காமல் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். எனக்குக் கை வரவில்லை. காலையில் அதை எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, குறைந்ததைக் குழாயில் பிடித்து நிரப்பி, பையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினேன்.