சம்பந்தியும் நானும் ஒரே கூடாரத்தில்

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஷார்ஜாவிலிருந்து புறப்பட்டோம். வண்டியை ஓட்டியவன் என் மகன் செல்வம். பின்னால் இந்தக் கதவோரம் நான். அந்தக் கதவோரம் என் மருமகள் கயலைப் பெற்ற மங்கையர்க்கரசி. நடுவில் எங்கள் பைகள் இரண்டு. அவையாவது ஒன்றோடொன்று சாய்ந்துகொண்டு வந்தன.

போகிற இடம், பாலைவனத்தில் மிருகங்களுக்கென்று வேலி போட்டுக் காக்கிற காட்டுக்குள் இருக்கும் கூடார விடுதி. தூரம் அறுபத்தைந்து கிலோமீட்டர். ஒரு ராத்திரிக்கு ஆயிரத்து எண்ணூறு திர்ஹாம். செல்வத்துக்கு அவன் வேலை பார்க்கிற இடத்தில் பரிசாகக் கிடைத்தது. கயலுக்கு எட்டாம் மாதம், மணல்மேட்டில் குலுங்கக்கூடாது, அதனால் அம்மாக்கள் இருவரையும் அனுப்பினார்கள் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.

உண்மை வேறு. பிரசவம் பார்க்க நாங்கள் இரண்டு பேருமே வந்திருக்கிறோம். வந்த நாள் முதல் கயல் வழியாகத்தான் பேச்சு. "உன் மாமியாருக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பார் சம்பந்தி. நான் எதிர் நாற்காலியில்தான் இருப்பேன். கேட்டுக் கேட்டுச் சொல்லிச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. வீட்டில் அமைதி வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

செல்வம் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். "அம்மா, அத்தை, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன். நாளைக்கு மத்தியானம் வந்து கூட்டிக்கிறேன். அதுக்குள்ள நீங்க பேசிப் பழகலைன்னா ரெண்டு பேருக்கும் ஊருக்கு டிக்கெட் போட்டுருவேன். பிரசவத்துக்கு நர்ஸ் வச்சுக்கறோம்."

பிறக்கிற பிள்ளையை முதலில் கையில் வாங்குவது நானா அவரா என்றுதான் அதுவரை எனக்குக் கவலை. இப்போது இரண்டு பேருக்குமே இல்லாமல் போகும்போல் இருந்தது.

காட்டு வாசலுக்கு அப்பால் வெளி வண்டி போகக்கூடாதாம். விடுதி ஜீப் வந்தது. ஓட்டுநர் நசீர், கீழக்கரைக்காரர். எனக்குப் பாதி உயிர் வந்தது. பாலைவனம் என்றால் வெறும் மணல் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முள்புதர், காய்ந்த புல், நடுவே நடுவே மரம். காஃப் மரம் என்றார் நசீர். எனக்கா தெரியாது? எங்கள் கோயிலில் வேலி கட்டி மஞ்சள் பூசி வைத்திருக்கும் வன்னிமரம்தான் அது. இங்கே பூசை இல்லாமல் பிழைத்துக்கொண்டிருந்தது.

விடுதி வாசலில் வெள்ளை அங்கி போட்ட பெரியவர் ஒருவர், மூக்கு நீண்ட கூஜாவிலிருந்து கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் காபி ஊற்றினார். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. குடித்து முடித்தேன். கேட்காமலே மறுபடி ஊற்றினார். மனதுக்குள் மெச்சிக்கொண்டேன், உபசாரம் என்றால் இதுதான். மறுபடி குடித்தேன், மறுபடி ஊற்றினார். சம்பந்தி நிறுத்தவில்லை, நான் மட்டும் எப்படி நிறுத்துவது? வாயெல்லாம் கஷாயமாகிவிட்டது. பைகளை இறக்கிவிட்டு வந்த நசீர் பார்த்துவிட்டார்.

"கிண்ணத்த லேசா ஆட்டிட்டுக் குடுங்கம்மா, அப்பத்தான் நிறுத்துவாரு. இல்லேன்னா சாயங்காலம் வரைக்கும் ஊத்துவாரு."

சம்பந்தி கோயில் மணி ஆட்டுவதுபோல ஆட்டினார். நான் கௌரவமாக இரண்டு ஆட்டு ஆட்டிக் கொடுத்தேன்.

கூடாரம் என்றால் திருவிழாக் கடைத் தார்ப்பாய் என்று நினைத்துவிடாதீர்கள். சுவரும் கூரையும்தான் துணி. உள்ளே பலகைத் தரை, ஏசி, நாலு பேர் படுக்கிற அகலத்தில் ஒரே ஒரு கட்டில். அறை நடுவில் சிங்கக்கால் வைத்த குளியல் தொட்டி, எதிரே சோபா. ஒருவர் குளிக்க மற்றவர் உட்கார்ந்து பார்ப்பதற்கோ என்னவோ. வாசல் கதவுக்கு ஜிப். பெட்டிக்குள் புகுந்து மூடிக்கொள்கிற மாதிரி இருந்தது.

மதியம் ஒரு நேபாளப் பெண் பெரிய தட்டு கொண்டுவந்தாள். மஞ்சள் சோறு, சுட்ட மீன், ரொட்டி, கொண்டைக்கடலை மசியல். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி, நல்ல பசி. ஆனாலும் சபை மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. எனக்கு வேண்டாம், அவங்களுக்கு வை என்று கையைக் காட்டினேன். சம்பந்தி, எனக்கு வேண்டாம், அவங்களுக்கு வை என்று என் பக்கம் காட்டினார். அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். சிரித்தாள். கும்பிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்றால், இன்னொரு தடவை கேள் என்று அர்த்தம். மூன்று தடவை மறுத்த பிறகு இலையில் விழுவதுதான் விருந்து. வாசல் வரை போய்த் திரும்பி வருவாள் என்று இருந்தேன். தட்டுமூடி வெயிலில் மின்னிக்கொண்டே போய் மணல்மேட்டுக்குப் பின்னால் மறைந்தது. சம்பந்தியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு நசீர் மிருகம் பார்க்க அழைத்துப் போனார். வெள்ளை உடம்பும் ஈட்டிமாதிரி நெட்டைக் கொம்புமாக, மாடும் மானும் கலந்த ஒன்று கூட்டமாய் நின்றது. ஓரிக்ஸ் என்று பெயர். பால் கறக்குமா என்று கேட்டேன். "யாரும் கிட்டப் போய்ப் பாத்ததில்லம்மா" என்றார். வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒரு வயிறு இரைந்தது. என்னுடையதா அவருடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்தால், கூடாரத்து முன்னாலிருந்த பலகைத் திண்ணையில் ஒரு பழத்தட்டு. பேரீச்சை, ஆப்பிள், திராட்சை. யாரையும் கேட்காமல் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவர் எடுக்கட்டும் என்று நான். நான் எடுக்கட்டும் என்று அவர். பொழுது இறங்கியது. புதருக்குள்ளிருந்து ஆட்டுக்குட்டி உயரத்தில் ஒரு மான் வந்தது. படியேறியது. எங்களை ஒரு பார்வை பார்த்தது. திராட்சைக் கொத்தை முழுசாகத் தின்றது, ஆப்பிளைக் கடித்தது, பேரீச்சையில் பாதியைக் கொட்டிவிட்டு இறங்கிப் போனது.

சம்பந்தி என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "பாத்தீங்களா சம்பந்தி? வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. வந்துச்சு, தின்னுச்சு, போயிருச்சு."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கினேன். அவர் விடவில்லை. "மறுவீட்டுக்கு வந்தப்ப 'காபி சாப்பிடுறீங்களா'ன்னு கேட்டீங்களே. கேட்டா எந்தச் சம்பந்தி ஆமான்னு சொல்லுவா? கொண்டாந்து கையில குடுக்க வேண்டாமா?"

"கல்யாணப் பந்தியில பாயசம் போதும்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். உங்க தம்பி வாளியத் தூக்கிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டாரு."

"அவனுக்குக் காது கேக்காது சம்பந்தி."

"அப்ப நான் போதும்னு சொன்னது மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

சம்பந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பார்த்த எனக்கும் அடங்கவில்லை. சிரித்ததில் பசி இன்னும் கூடியது. கட்டிலோரம் போன் இருந்தது. யார் பேசுவது? பசிக்கிறது என்று அந்நியரிடம் வாய்விட்டுச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சம்பந்தி போனையும் என்னையும் பார்த்தார். எடுத்துவிட்டேன். நசீர், நசீர் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் அவரையே கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"தம்பி, எங்க ரெண்டு பேருக்கும் பசிக்குது. சாப்பாடு அனுப்புங்க. நாங்க வேண்டாம்னு சொன்னாலும் வச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

வந்தது. அவர் தட்டில் மீனை நான் வைத்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமலே சாப்பிட்டார். கட்டிலில் ஆளுக்கு ஒரு பக்கம் படுத்தோம். அவர் குறட்டை என் வீட்டுக்காரர் குறட்டைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மறுநாள் மத்தியானம் புறப்படும்போது திரும்பிப் பார்த்தேன். அழகான இடம்தான். எல்லாம் இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். எங்கள் ஊரில் வாயைத் திறக்காமலே வயிறு நிறையும், நிறையாவிட்டால் இருபது வருஷம் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

காட்டு வாசலில் செல்வம் வண்டியோடு நின்றான். ஏறி உட்கார்ந்ததும், பைகள் எங்கள் நடுவில் இல்லாமல் டிக்கியில் இருந்ததைப் பார்த்தான். நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடை வந்தது. பழக்கதோஷத்தில் வேகத்தைக் குறைக்காமலே கேட்டான்: "டீ குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறோம்" என்றோம் இருவரும்.

அவன் பிரேக்கில் கால் வைப்பதற்குள் கடை பின்னால் போய்விட்டது. அடுத்த யூ-டர்ன் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி என்றான். பரவாயில்லை, போய்த் திரும்பி வா என்றார் சம்பந்தி.