சொல்லாமல் போன பழம்

எவர்சில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று அடங்கும் ஓசை எப்படியிருக்கும் என்று சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்பில் என் சண்டை அந்த ஓசையோடுதான் தொடங்கியது. யார் கல்யாணத்துக்கு வந்த தட்டோ, என் தட்டின் விளிம்பில் ஒரு மாப்பிள்ளை பெண்ணின் பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்; நானும் சோற்றைப் பார்த்தேனே தவிர விளிம்பைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்காரும் பாண்டீஸ்வரி பார்த்துவிட்டாள்.

"ஏலே, இவளுக்குக் கல்யாணம் ஆயிருச்சு! மாப்பிள்ளை பேரு கணேசன்!"

வரிசையே சிரித்தது. நான் அவள் தட்டைத் தட்டிவிட்டேன். முட்டை உருண்டு மண்ணில் போய் நின்றது. கட்டைவிரலைத் தாடையில் தட்டி "காய்" என்றேன்.

"காய்" விட்டால் பேச்சு கிடையாது. மறுபடி சேர வேண்டுமானால், விட்டவளே முதலில் இரண்டு விரல்களைச் சேர்த்து நீட்டி "பழம்" சொல்ல வேண்டும். எங்களுக்குள் அது மாற்ற முடியாத சட்டம். டீச்சருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "ரெண்டு பேரும் கை குடுங்க, ஸாரி சொல்லுங்க. ம், முடிஞ்சுபோச்சு" என்றார். கை கொடுத்தோம், சொன்னோம். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பருத்தி எடுத்துவிட்டு வந்த அம்மாவிடம் சொன்னேன். "பள்ளிக்கூடத்துச் சண்டைய அங்கனயே வச்சுட்டு வா தாயி" என்றாள்.

பாண்டீஸ்வரியைத் தவிர எனக்கு அந்த வகுப்பில் தோழி இல்லை. ஒருநாள் தண்ணீர்த் தொட்டியருகே எனக்காகவே நின்று, "என்ன, இன்னும் பழம் சொல்லலையா?" என்றாள். நாளைக்குச் சொல்லலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு வீம்பு. முழுப் பரீட்சை லீவு முடிந்து போனபோது அவள் இடம் காலியாக இருந்தது.

"அவுக குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டாகல்ல, ஒனக்குத் தெரியாதா?" என்றாள் பின்வரிசைப் பிள்ளை. தெரியாது. காய் விட்டவளிடம் அவள் எப்படிச் சொல்லியிருப்பாள்?

இப்போது திருச்சுழி போகும் வழியில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு நான் டீச்சர்; எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள். பிள்ளைகள் அடித்துக்கொண்டால் ஸாரி சொல்லச் சொல்வதில்லை. ஒருத்தி நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை மற்றவள் குறுக்கே பேசக் கூடாது. பிறகு, கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதிச் சண்டை அங்கேயே சிரிப்பாகிவிடும். மீதிக்கு, மணி அடித்தாலும் காத்திருப்பேன்.

போன வாரம் ஒருத்தி, "இவள பிளாக் பண்ணிட்டேன் டீச்சர்" என்றாள். "காய் விட்டுட்டியா?" என்று கேட்டேன். "என்ன காய் டீச்சர், கத்தரிக்காயா?" என்று இருவருமே சிரித்தார்கள். சிரித்த சூட்டில் பேசித் தீர்த்துக்கொண்டு, தோளில் கை போட்டபடி வெளியே ஓடினார்கள். காய் விட்டால் பழம் சொல்லித்தான் தீர வேண்டும் என்று இன்னும் நம்புகிறவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். திருப்பூரில் இன்னொருத்தியும் இருக்கலாம்.