மண்டபத்துச் சாப்பாடு

கைது என்றால் பாயசம் என்றுதான் ஐந்தாம் வகுப்பு வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மாதர் சங்கத்தில் இருந்தாள். விலைவாசி, ரேஷன் அரிசி, ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளில் ஆட்களை மூட்டை மாதிரி அடைப்பது என்று எங்கள் கம்பம் ஊரில் எதற்கு மறியல் நடந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். போலீஸ் வேனில் ஏற்றி ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோவார்கள். மதியம் சாப்பாடு, அப்புறம் பாட்டு, பேச்சு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். மண்டபம் பிடித்து விசேஷம் வைக்கிற வசதி எங்களுக்குக் கிடையாது. அரசாங்கம் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அதே ஊரில் போலீஸ்காரர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார். இருவருக்கும் சண்டை ஆரம்பித்துவிடும். அப்பா கேரள எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்ததால் விலக்கிவிட ஆளில்லை. இன்றைக்கு டிவியில் கோட்டு போட்டவர்கள் ஒரு மணி நேரம் கத்துகிற விஷயத்தை இவர்கள் கறிக்குழம்பு ஊற்றி முடிப்பதற்குள் பேசிவிடுவார்கள்.

அந்த வருஷம் சண்டை எங்கள் வீட்டைப் பற்றியே வந்தது. நாங்கள் குடியிருந்தது வாய்க்கால் கரையில். ஆக்கிரமிப்பு, காலி செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

"அரசாங்க எடம்க்கா அது. கோர்ட்டே சொல்லிருச்சு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் மாமா.

"அங்கன ஆத்துக்குள்ளயே லாட்ஜு கட்டிருக்கானே, அவனுக்கும் அதே சட்டமா? எங்கிட்டத் தீர்வை வாங்கையில, கரண்டு குடுக்கையில, ஓட்டுக் கேக்கையில இது யாரு எடமாம்?"

"என்னயக் கேட்டா? நான் என்ன அரசாங்கமா?"

"நீ இல்லடா. ஒங்கையில இருக்க கம்புதான் அரசாங்கம்" என்றாள் அம்மா. சொன்ன கையோடு இன்னொரு கரண்டி குழம்பை அவர் தட்டில் ஊற்றினாள். போலீஸ்காரனும் கூலிக்காரன்தான், ஒரு நாள் நம் பக்கம் வருவான் என்று கூட்டங்களில் பேசுவாள். அப்படிப் பேசும்போது அவள் மனதில் தம்பியின் முகம்தான் இருந்திருக்கும்.

இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்த அன்று காலை, ஜேசிபி வாய்க்கால் பாலத்தருகே வந்து நின்றுவிட்டது. தெருவே அதற்கு முன்னால் உட்கார்ந்தது. இன்ஸ்பெக்டர் வந்து, அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்குச் சம்மதித்துவிட்டார்கள், மெஷினைத் திருப்பி அனுப்புகிறோம், சம்பிரதாயத்துக்கு வேனில் ஏறுங்கள் என்றார். வீட்டில் இருந்த மிச்சப் பேரையும் அம்மா திரட்டினாள். ஒரு ஆள்கூட வீட்டில் தங்கக் கூடாது, எல்லோரும் கைதானால்தான் சென்னை வரை கேட்கும் என்றாள். பக்கத்து வீட்டு அக்கா பிறந்து மூன்று மாதமான பிள்ளையோடு வாசலில் தயங்கி நின்றாள்.

"பூட்டிட்டு வாத்தா. ஆறு மணிக்கு விட்டுருவாக" என்று அம்மாதான் அவளுக்குக் கை கொடுத்து வேனில் ஏற்றினாள்.

மண்டபத்தில் நுழையும்போதே செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இது வழக்கமில்லை. அம்மா முகம் சுளித்தாள், ஆனாலும் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சாம்பார் வாளியோடு வந்தது மாமா. எனக்கு ஒரே பெருமை. அவர் எல்லோர் இலையையும் பார்த்தார், அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"மெஷின் போயிருச்சாடா?" என்று அம்மா தணிந்த குரலில் கேட்டாள்.

"போயிருச்சுக்கா. நீ சாப்புடு."

எனக்கு இரண்டாவது தடவையும் பாயசம் ஊற்றி, தலையைத் தடவிவிட்டுப் போனார். அதன்பிறகு அவரைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் நின்ற போலீஸ்காரர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். நம்மை விடப்போகிறார்கள் என்று நினைத்து நான் செருப்பைத் தேடினேன். அம்மாவோ பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, எழுந்து கேட்டுக்குப் போனாள். கேட்டில் சங்கிலி போட்டிருந்தது.

"கதவத் தெறங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாட்டு நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும் ஓடிப்போய்க் கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். கைப்பிள்ளை வீறிட்டு அழுதது. வெளியே நின்ற பெண் போலீஸ், ஆறு மணி ஆகட்டும் என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. அம்மா சங்கிலியைப் பிடித்தபடியே நின்றாள், தண்ணீர் கொடுத்தபோதும் விடவில்லை.

சொன்னபடி ஆறு மணிக்குத் திறந்தார்கள். யாரும் நடக்கவில்லை, ஓடினோம்.

வாய்க்கால் கரையில் வீடு என்று எதுவும் இல்லை. செங்கலும் தகரமும் குவிந்து கிடந்தன. அதற்குள்ளிருந்து ஒருத்தி அண்டாவின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள், ஒருத்தி புடவையின் நுனியை. பக்கத்து வீட்டு அக்கா, தொட்டில் கட்டியிருந்த இடம் எது என்று தெரியாமல் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

எதிரே புளியமரத்தடியில் எங்கள் சாமான்கள் மட்டும் இருந்தன. பீரோ, டிவி, குழாய் கழற்றிய கேஸ் சிலிண்டர், என் புத்தகப்பை, எல்லாம் ஒரு கீறல்கூட இல்லாமல். கண்ணாடிப் படங்கள் உடையாமல் இருக்கப் போர்வையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் மாமா நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், சட்டையெல்லாம் செம்மண் புழுதி.

சந்தோஷம் தாங்காமல் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "அம்மா, நம்ம சாமானெல்லாம் இருக்கும்மா! மாமா காப்பாத்திட்டாரும்மா!"

குவியலில் குனிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். மரத்தடியைப் பார்த்தார்கள். அப்புறம் அம்மாவைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அம்மாவை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றாள்.

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். பற்கள் உதட்டில் அழுந்த, அவ்வளவு இறுக்கமாகப் பொத்தினாள். அவள் கண்ணீர் என் தலையில் விழுந்தது.

"எப்படா எடுத்து வச்ச?" என்று மாமாவிடம் கேட்டாள்.

மாமா தொப்பியில் படிந்த புழுதியைத் தட்டினார்.

இது என்ன கேள்வி என்று எனக்குக் கோபமாக வந்தது. எப்போது எடுத்தால் என்ன? தெருவிலேயே எங்களுக்கு மட்டும்தானே எல்லாம் தப்பியிருக்கிறது, இதற்குப் போய் யாராவது அழுவார்களா?